குளிசைக் கைமாற்று

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நான் எரிந்து விழுகிற இடங்களை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

பதுளையில் ஆஸ்பத்திரி வேலை. தொற்றுநோய் வைத்தியர் என்று அறைக் கதவில் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘காய்ச்சல் டொக்டர்’ என்பார்கள். வாரத்தில் ஒரு நாள் காலையில் சிறைச்சாலைக்குப் போவேன். அதே நாள் பின்னேரம் எச்.ஐ.வி. கிளினிக். அந்த அறைக்கு மட்டும் பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் கழற்றினோம். இப்போது புதிதாக வருகிறவர்கள் வழி தெரியாமல் பல் டொக்டரின் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

என்னைக் களைக்கவைத்தது நோய் இல்லை. எச்.ஐ.வி. இப்போது அடங்கி நடக்கிற நோய். தினம் ஒரு குளிசை, நாள் தவறாமல் விழுங்கினால் போதும். மற்றவர்கள் மாதிரி வாழலாம், கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், கிழடாகலாம். களைக்கவைப்பது பொய்கள். எனக்குச் சொல்லும் பொய்கள் அல்ல, என் நோயாளிகள் ஊருக்குச் சொல்லவேண்டிய பொய்கள். ஒருத்திக்கு வாதம், ஒருவருக்கு ஈரல், இன்னொருவருக்குத் தலைச்சுற்று. யாருக்கு எந்தப் பொய் என்று நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சந்தையில் கண்டால் அவர்கள் வீட்டாருக்கு முன்னால் அதைப் பற்றியே விசாரிக்க வேண்டும். படித்த படிப்பில் பாதி இதற்குத்தான் போகிறது.

அவனுடைய பொய் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

அவனைச் சிறையில்தான் முதலில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கொழும்புக்கு ஓடி, சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி போட்டு, திரும்பி வந்த கையோடு ஹாலிஎலவில் ஒரு அடிதடியில் மாட்டி உள்ளே வந்திருந்தான். இரத்தம் பார்க்கட்டுமா என்று கேட்டோம், சம்மதித்தான், பார்த்தோம். முடிவைச் சொன்னபோது அழவில்லை. “குளிச எத்தன நாளைக்கு டொக்டரம்மா?” என்று மட்டும் கேட்டான்.

“உசுரோட இருக்கிற வரைக்கும்.”

“அப்போ ஜெயில விட நீளம்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவனை எனக்குப் பிடித்துப்போனது. நோயாளிகளில் பிடித்தவர், பிடிக்காதவர் என்று இருக்கக்கூடாதுதான். ஆனால் இருக்கிறது.

சிறையில் எந்த நோய்க்கும் மருந்து கொடுக்கும் ஜன்னல் ஒன்றுதான். வரிசையில் முன்னும் பின்னும் சீனி வருத்தக்காரர்கள். உனக்கு என்ன என்று யாரோ கேட்க, “எனக்கும் சீனிதான்” என்று சொல்லியிருக்கிறான். அது அப்படியே நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தால் நல்ல பொய். சாகும்வரை குளிசை, மாதாமாதம் பதுளைக்குக் கிளினிக், இடைக்கிடை இரத்தம் குத்துவது, எல்லாம் பொருந்தி வருகிறது. விடுதலையானபோது அதையே வீட்டுக்கும் கொண்டுபோனான். குளிசைப் போத்தலின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டான்.

அவனுக்கு அம்மா அப்பா இல்லை. அப்பாவின் தங்கை, அவனுடைய அத்தை, அடுத்த காம்பராவில் இருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகள்தான் லயம், அதில் ஒரு வீட்டைக் காம்பரா என்போம். நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் “நூறு வயசு” என்பார்கள். அத்தை விதவை, கொழுந்தெடுக்கிறவள், பிள்ளை இல்லை. இவனைப் பாதிக்கு மேல் வளர்த்தவள் அவள்தான். அவளுக்கு உண்மையாகவே சீனி வருத்தம்.

மருமகனுக்கும் சீனி என்றதும் அவளுக்கு ஒரு பக்கம் கவலை, மறுபக்கம் சந்தோஷம் தாங்கவில்லையாம். “நம்ம ரத்தம்டா, வேற எப்பிடி இருக்கும்” என்றாளாம். தனக்குச் சுடும் குரக்கன் ரொட்டியில் இவனுக்கும் இரண்டு. தேத்தண்ணி சீனி இல்லாமல். பண்டிகைக்கு யாராவது பலகாரம் நீட்டினால், “அவனுக்குக் குடுக்காத, அவன் சீனிக்காரன்” என்று லயத்துக்கே கேட்கக் கத்துவாளாம்.

“ஜெயில்லயாச்சும் சீனி போட்ட தேத்தண்ணி கெடச்சுச்சு டொக்டரம்மா” என்று கிளினிக்கில் வந்து மூக்கால் அழுவான். ஆனாலும் உடம்பு தேறியது. இரத்தத்தில் கிருமி கண்ணுக்குப் படாத அளவுக்குக் குறைந்தது. தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை கிடைத்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தவனை மறுபடி ஆளாக மதிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான்.

பிறகு மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நாடே எதற்கெடுத்தாலும் வரிசையில் நின்ற காலம். எச்.ஐ.வி. மருந்து எப்படியோ தட்டாமல் வந்துகொண்டிருந்தது. சீனிக்கும் பிரஷருக்கும்தான் இழுபறி. தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டால், “அடுத்த கிழமை பாருங்க.” அடுத்த கிழமையும் அதே பதில்.

இந்த இடத்தில் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நானும் பூனாகலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள்தான், அதனால் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லயத்தில் எல்லாம் கைமாற்று. மிளகாய், அரைமூடித் தேங்காய், நெருப்புப் பெட்டி, கல்யாணத்துக்குப் போகச் சேலை. மருந்தும் அப்படித்தான். ஒருத்திக்குத் தலையிடி என்றால் இன்னொருத்தி முந்தானையில் முடிந்து வைத்த பனடோல் வரும். பிரஷர் குளிசை முடிந்தால் பக்கத்துக் காம்பராவில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கிளினிக்குப் போய் வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். டொக்டர்மார் தலையிலடித்துக்கொள்வோம். அவர்கள் கேட்பதில்லை. கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னவளை லயம் லேசில் மன்னிக்காது.

அத்தையின் குளிசை முடிந்தது. சுவருக்கு மேலால் கேட்டாள். “டேய் மருமகனே, ரெண்டு குளிச கைமாத்தா குடு. டிஸ்பென்சரியில வந்ததும் தாறேன்.”

அவன் அடுத்த நாளே வேலையை விட்டுவிட்டு என் கிளினிக்கில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“நான் என்ன செய்றது டொக்டரம்மா? சீனிக் குளிச கொஞ்சம் எனக்கு எழுதிக் குடுங்க. அவுங்களுக்குக் குடுத்துர்றேன்.”

“இல்லாத வருத்தத்துக்கு நான் எப்படித் தம்பி எழுதுறது? எழுதினாலும் எங்க இருக்கு? இங்கயே இல்ல.”

“அப்போ என்ன சொல்றது?”

“ஒன்னோடது வேற வகைக் குளிசைன்னு சொல்லு. டொக்டர் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஏசினாங்கன்னு சொல்லு. என் தலையில போடு.”

சொன்னான். “சீனிக்குச் சீனிக் குளிச, இதுல என்னடா வேற வக?” என்று அத்தை மடக்கிவிட்டாள். அவன் பதுளைக் கடைகளிலெல்லாம் அலைந்து, ஒரு கடையில் ஒரு அட்டை கண்டுபிடித்து வாங்கிக் கொடுத்தான். அது முடிந்தது. மறுபடி கேட்டாள். இந்த முறை கடைகளிலும் இல்லை.

அவனிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் போத்தல் குலுங்குகிற சத்தம் சுவருக்கு மேலால் கேட்கிறதே! அவன் சத்தம் வராமல் போத்தலுக்குள் பஞ்சை அடைத்தான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. நேற்றுவரை கேட்ட சத்தம் இன்று கேட்காவிட்டால் ஒளிக்கிறான் என்றுதானே நினைப்பாள்? நினைத்தாள். நினைத்ததைக் குழாயடியில் சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ‘வளர்த்தவளுக்கு ஒரு குளிசை கொடுக்காத பாவி’ என்று ஒரே கிழமையில் அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. ‘ஜெயில் புத்தி’ என்றும் சொன்னார்கள். ஜெயிலில் இருந்தபோதுகூட யாரும் அவனை அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

கொடுத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அந்தக் குளிசை அவளுடைய சீனியை ஒரு துளியும் குறைக்காது. சீனியால் அவளுடைய சிறுநீரகம் ஏற்கனவே பழுது, அதற்குக் கெடுதல்தான் செய்திருக்கும். அவனுக்கோ நாள் தவறினால் அடங்கிய கிருமி தலைதூக்கும், பிறகு அதே மருந்துக்கு மசியாது. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். நான்தான் மண்டையில் அடித்தாற்போல் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு வா, ஊசி மருந்தாவது பார்க்கலாம் என்றேன். வரமாட்டாளாம். ஒரு நாள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளம் கிடையாது. “இவன் பெட்டிக்குள்ள வச்சிக்கிட்டு என்னய பதுளைக்கு அலையச் சொல்றான்” என்றாளாம். நான் டிஸ்பென்சரிக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அந்த மனுஷன் பாவம், “மிஸ், எனக்குத் தந்தா நான் குடுக்க மாட்டேனா?” என்றார். உண்மைதானே. போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்ய?

சில மாதங்கள் போனபிறகு சத்திரசிகிச்சை வார்ட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாவுக்குக் காலில் புண், கிருமி ஏறிவிட்டது, எந்த மருந்து கொடுக்கலாம் என்று வந்து பார்க்கச் சொன்னார்கள். சீனிக்காரர்களின் கால்கள் என் வேலையில் பாதி. போனேன். கவ்வாத்துக் குச்சி பாதத்தில் குத்தியிருக்கிறது. உணர்ச்சி செத்த கால், வலிக்கவில்லை. வலிக்காததால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். பாதம் கறுத்திருந்தது.

“எத்தன நாளா அம்மா மருந்து இல்லாம இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட இல்லாம இருந்துச்சு. எங்க அண்ணன் மகன்கிட்ட போத்தல் நெறய இருந்துச்சு டொக்டரம்மா. இந்தக் கையால சோறு ஊட்டி வளத்தேன். ஒண்ணே ஒண்ணு கேட்டேன். கல்லு மாதிரி நின்னான்.”

அவனுடைய அத்தை இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கையுறையைக் கழற்றியபடி நின்றேன். சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் உங்களை விஷத்திலிருந்து காப்பாற்றினான் அம்மா, தன் பெயரை விற்றுக் காப்பாற்றினான். சொல்ல முடியாது. ஒரு நோயாளியின் இரகசியத்தை இன்னொரு நோயாளியிடம் சொல்கிற நாள் என் தொழில் முடிந்த நாள். “ம்” என்றேன். அவள் அவனைச் சபித்தாள். மறுபடியும் “ம்” என்றேன். அந்த இரண்டு ‘ம்’களுக்காக இன்றுவரை என் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. வேறு வழி இருக்கவில்லை என்பது தெரிந்தும் இருக்கிறது.

காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

அவன் ஒவ்வொரு நாளும் வந்தான். வார்ட்டுக்குள் வரவில்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்றான். பார்க்க வரும் நேரத்தில் லயத்துப் பெண்கள் சோற்றுப் பாத்திரத்தோடு அவனைக் கடந்து போவார்கள், ஒருத்தியும் முகம் பார்க்க மாட்டாள். ஒரு நாள் என் பின்னாலேயே வந்தான்.

“நான் கொழும்புக்குப் போறேன் டொக்டரம்மா. இனி லயமும் வேணாம், கிளினிக்கும் வேணாம். குளிசயும் போதும்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. “சாகப் போறேன்னா போய்ச் சாவு, எங்கிட்ட வந்து ஏன் சொல்ற?” என்று நடைபாதையில் வைத்துக் கத்திவிட்டேன். தாதி மிஸ்ஸிமார் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அசையாமல் நின்றான். குளிசையை நிறுத்தினால் இரண்டு மூன்று வருஷத்தில் இதே ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாக வந்து கிடப்பான். எத்தனை பேரை அப்படிப் பார்த்துவிட்டேன்! அவனை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

“அத்தைக்குச் சொல்லு” என்றேன். “ஒருத்தருக்கு மட்டும்.”

“என்னால ஏலாது. நீங்க சொல்லுங்க.”

“நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

வார்ட்டில் தனியாகப் பேச இடம் கிடையாது. கட்டிலில் ஒருத்தி, கட்டிலுக்குக் கீழே ஒருத்தி. புண் கட்டும் அறையை மிஸ்ஸியிடம் கேட்டு வாங்கினேன். சக்கர நாற்காலியில் அத்தையைக் கொண்டுவந்தார்கள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

அவன் தரையில் உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கி நிறுத்தினான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான், கொழும்பு, ஜெயில், இரத்தம், குளிசை. நோயின் பெயரைச் சொல்லும்போது குரல் காணாமல் போய்விட்டது, உதடு மட்டும் அசைந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

பிறகு என்னிடம்தான் கேட்டாள்.

“அந்தக் குளிசயத் தின்னா இவன் பொழைப்பானா?”

“கெழவனாகிற வரைக்கும் இருப்பான் அம்மா.”

“நான் கேட்டப்ப எடுத்துக் குடுத்திருந்தா?”

“ஒங்களுக்கும் கெடுதல். அவனுக்கும் கெடுதல்.”

அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். “சனியனே, இத ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கக் கூடாது? சொவத்துக்கு அந்தப் பக்கந்தானடா இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, குட்டிய அதே இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுததை மறைக்கத்தான், வேறொன்றுமில்லை.

காலை எடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்க்க வரும் நேரத்தில் நான் பக்கத்துக் கட்டில் நோயாளியின் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்துப் பெண்கள் அத்தையைச் சுற்றி நின்றார்கள். வாசலில் அவன் தலை தெரிந்தது. ஒருத்தி ஆரம்பித்தாள்.

“வந்து நிக்கிறான் பாரு மொகரையக் காட்டிக்கிட்டு. ஒரு குளிச குடுத்திருந்தா இந்தக் காலு இருந்திருக்கும்.”

“அவன் குடுத்தான்” என்றாள் அத்தை.

பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“கேட்டப்பல்லாம் குடுத்தான். நாந்தான் திங்கல. கசக்குதுன்னு சாக்கடக் கானுல கொட்டிட்டு, டிஸ்பென்சரிக்காரன் கேட்டா ஏசுவான்னு பயந்து இவன் மேல பழியப் போட்டேன்.”

நான் புண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அந்தக் கால் போனது அவனாலும் இல்லை, அவளாலும் இல்லை, மருந்து வராததால். அதை யாரும் அங்கே பேசவில்லை.

பெண்கள் விடுவார்களா? அவ்வளவு பேரும் அவள் மேல் பாய்ந்தார்கள். “அடிப்பாவி, ஒன் திமிருக்குத்தான் காலு போச்சு.” “அந்தப் புள்ளய எங்க வாயால எப்பிடியெல்லாம் ஏச வச்ச!” “நாக்கு அழுகிப் போகாதா ஒனக்கு?” மிஸ்ஸி வந்து சத்தம் போடும்வரை ஓயவில்லை. கால் எடுத்த நோயாளியை இப்படி ஏசவிட்டு ஒரு டொக்டர் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. நான் நின்றேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல், “ஆமா, ஏந் தப்புத்தான், ஏந் தப்புத்தான்” என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு வாசலைப் பார்த்து, “உள்ள வாடா” என்றாள். அவன் வந்தான். பெண்கள் விலகி அவனுக்குக் கட்டிலில் இடம் விட்டார்கள். கால் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, அங்கே உட்கார்ந்தான்.